மூன்று நாள் கெடு

அடிவயிற்று வலியைப் பொறுத்துக்கொள்ளவே பெண்களுக்குப் பழக்கம். இடுப்புக்குழித் தொற்றில் அந்தப் பொறுமைக்கு விலை அதிகம்.

மும்பையில் ஏதாவது ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் வரிசை. தாராவியிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் முறை வருகிறது. டாக்டரிடம் அவர் சொல்லக்கூடியது அநேகமாக இவ்வளவுதான்: "பேட் மே தர்த் ஹை." பேட் என்றால் வயிறு. சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பேட்தான், கருக்குழாயில் சீழ் கோத்தாலும் பேட்தான். தமிழில் அவருக்கு 'அடிவயிறு' என்ற தெளிவான சொல் இருக்கிறது. அதையே இந்தியில் 'பேடூ' என்றும் மராத்தியில் 'ஓட்டிபோட்' என்றும் சொல்ல வேண்டும். பால் வாங்கவும் பஸ் ஏறவும் பழகிக்கொண்ட இந்தியில் இந்தச் சொற்கள் வருவதில்லை. துணைக்கு வந்த மகன் மொழிபெயர்த்தால் விஷயம் இன்னும் சுருங்கிவிடும். மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் வெள்ளைப்படுவதைப் பற்றிப் பேசுவார்? வயிற்றெரிச்சலுக்கான மாத்திரையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இது ஏழைகளின் பிரச்சினை மட்டுமல்ல. தாராவித் தமிழர்களில் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக் குடியேறியவர்கள் அலுவலக வேலைக்கு வந்த நடுத்தர வர்க்கத்தினர். செம்பூரில் சேடா நகர் முருகன் கோயிலுக்கு வரும் குடும்பங்களும் உண்டு, சற்றுத் தள்ளி ட்ராம்பே பக்கம் சீத்தா கேம்ப்பின் நெருக்கடியில் வாழ்பவர்களும் உண்டு. சம்பளமும் படிப்பும் வேறு வேறு. அடிவயிற்று விஷயத்தில் மௌனம் மட்டும் ஒன்றுதான். ஆங்கிலம் படித்த மாட்டுங்காப் பெண்ணும் 'லேடீஸ் ப்ராப்ளம்' என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்.

அந்த மௌனத்துக்குப் பின்னால் இருக்கும் நோய்களில் முக்கியமானது இடுப்புக்குழித் தொற்று. டாக்டர்கள் சுருக்கமாக பி.ஐ.டி. என்பார்கள். காலத்தில் கண்டுபிடித்தால் இரண்டு வார மாத்திரையில் குணமாகும். விட்டுவிட்டால் குழந்தைப்பேற்றையே பறிக்கும்.

திறந்துகொள்ளும் கதவு

கர்ப்பப்பையின் வாயில் பெரும்பாலும் கெட்டியான சளி போன்ற ஒரு பொருள் அடைத்திருக்கும். பிறப்புறுப்பில் இயல்பாகவே வசிக்கும் கிருமிகளும் வெளியிலிருந்து வரும் கிருமிகளும் மேலே ஏறிவிடாமல் தடுக்கும் கதவு அது. மாதவிலக்கு, பிரசவம், கருக்கலைப்பு ஆகிய சமயங்களில் இந்தக் கதவு தளர்கிறது. சில கிருமிகள் எந்தச் சமயத்திலும் அதைத் தாண்டும் வல்லமை கொண்டவை. அப்படி ஏறும் கிருமிகள் கர்ப்பப்பையின் உட்சுவரிலும், அங்கிருந்து கருக்குழாய்களிலும், சினைப்பைகளிலும் புண்ணை உண்டாக்குவதுதான் பி.ஐ.டி.

இதில் அதிகம் அடிபடுவது கருக்குழாய். சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டையைக் கர்ப்பப்பைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தக் குழாய். உட்புறம் சில இடங்களில் ஊசித்துளை அளவே அகலம். அதன் சுவரில் உள்ள நுண்ணிய ரோமங்கள் நாற்றங்கால்போல ஒரே திசையில் அசைந்து முட்டையை நகர்த்துகின்றன. தொற்று வந்தால் இந்த ரோமங்கள் அழிகின்றன. புண் ஆறும்போது தழும்பு விழுந்து குழாய் சுருங்குகிறது, ஒட்டிக்கொள்கிறது. கிருமியை மருந்து கொல்லும். விழுந்த தழும்பை எந்த மாத்திரையாலும் அழிக்க முடியாது.

குழாய் முழுவதும் அடைபட்டால் கரு உண்டாகாது. பாதி அடைபட்டால் கரு உண்டாகி வழியிலேயே தங்கிவிடும். குழாயில் வளரும் அந்தக் கரு சில வாரங்களில் குழாயைக் கிழித்து உயிருக்கே உலை வைக்கலாம். மூன்றாவது விளைவு, வருடக்கணக்கில் தீராத இடுப்பு வலி.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1960 முதல் 1984 வரை இந்த நோயோடு வந்த பெண்களின் வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்த்து நோயை உறுதி செய்துகொண்ட டாக்டர் வெஸ்ட்ரோம் குழுவினர், பின்னர் பல வருடங்கள் அவர்களைக் கவனித்து வந்தார்கள். 1992-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒருமுறை தொற்று வந்தவர்களில் 100-க்கு 8 பேருக்குக் கருக்குழாய் கெட்டுக் குழந்தைப்பேறு இல்லாமல் போனது. இரண்டு முறை வந்தவர்களில் ஏறத்தாழ 20. மூன்று முறை அல்லது அதற்கு மேல் வந்தவர்களில் 40. ஒவ்வொரு முறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

அதே நகரப் பெண்களின் விவரங்களை வைத்து 1993-ல் வெளியான இன்னொரு ஆய்வு, தாமதத்தின் விலையைக் கணக்கிட்டது. வலி ஆரம்பித்து மூன்று நாட்களுக்குள் டாக்டரிடம் போனவர்களைவிட, அதற்குப் பிறகு போனவர்களுக்குக் குழந்தைப்பேறு பாதிக்கப்படும் ஆபத்து சுமார் மூன்று மடங்கு. மூன்று நாள் என்பது லட்சுமணக் கோடு அல்ல. நாலாம் நாள் போனாலும் பயன் உண்டு. ஆனால் இந்த நோயில் நாளை எண்ண வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

யாரிடம் சொல்வது?

நம் பெண்களோ மாதங்களை எண்ணுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங், அவரது கணவர் டாக்டர் அபய் பங் குழுவினர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவுகள் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன. 100-க்கு 92 பேருக்கு ஏதாவது ஒரு பெண் உறுப்பு நோய் இருந்தது. சராசரியாக ஒருவருக்கு 3.6 நோய்கள். அதற்கு முன் இதற்காகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர்கள் 100-க்கு 8 பேர் மட்டுமே.

தமிழ்நாட்டுக் கதையும் வேறல்ல. வேலூர் பக்கத்துக் கிராமங்களில் 16 முதல் 22 வயது வரையுள்ள மணமான பெண்கள் 451 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2005-ல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு தொந்தரவைச் சொன்னார்கள். 100-க்கு 38 பேருக்குச் சோதனைக்கூடத்தில் தொற்று உறுதியானது. தொந்தரவு இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை. பக்கத்தில் பெண் டாக்டர் இல்லை, மறைவான இடம் இல்லை, தூரம், செலவு, 'இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே' என்ற நினைப்பு. இவைதான் அவர்கள் சொன்ன காரணங்கள்.

கடைசிக் காரணம்தான் கனமானது. தாராவிக் குடித்தனத்தில் மருமகள் மாமியாரிடம் சொல்லமாட்டார், மிஞ்சிப்போனால் மதினியிடம் சொல்வார். மதினி 'சூடு' என்பார். வெந்தயம், மோர், இளநீர், எண்ணெய்க் குளியல் என்று வைத்தியம் நடக்கும். இவற்றால் கெடுதல் இல்லை, நாள்தான் போகிறது. அடுத்தபடி மெடிக்கல் கடையில் மூன்று மாத்திரை. வலி அடங்கும், கிருமி அடங்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெள்ளைப்படுதல் எல்லாமே நோய் அல்ல. மாதவிலக்குச் சுழற்சியின் நடுவிலும் கர்ப்ப காலத்திலும் நாற்றமோ அரிப்போ இல்லாமல் திரவம் கூடுதலாக வருவது இயல்பு. வெள்ளைப்படுவதால் உடம்பின் சத்தெல்லாம் கரைந்து எலும்பு உருகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. கோவாவில் டாக்டர் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வில், வெள்ளைப்படுதலைப் பற்றிக் குறைப்பட்ட பெண்கள் பலருக்குத் தொற்றைவிட மனச்சோர்வும் குடும்பத் துன்பமும்தான் நெருங்கிய தொடர்புடையவையாக இருந்தன. கணவனின் அடியை வெளியில் சொல்ல முடியாத பெண்ணுக்கு, வெள்ளைப்படுவதைச் சொல்வதே டாக்டரிடம் போக ஒரு வழியாகலாம். அவருக்குத் தேவை ஆன்டிபயாட்டிக் அல்ல, காது கொடுத்துக் கேட்கும் ஒருவர். தொற்று உண்டா இல்லையா என்பதை நேரில் பரிசோதித்தால் ஒழிய அனுமானிக்க முடியாது.

எப்படி வருகிறது?

முதல் வழி, உடலுறவு. கொனோரியா (சித்த வைத்தியர்கள் வெட்டை என்பார்கள்), கிளமிடியா ஆகிய இரண்டும் பி.ஐ.டி.க்கு முக்கியக் காரணங்கள். கிளமிடியா ஒரு ஊமைக் கிருமி. பெரும்பாலான பெண்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஆணுக்கும் பல சமயம் எந்த அறிகுறியும் இருக்காது. ஆகவே கிருமி எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் விசாரணைக் கமிஷன் வைப்பதில் பயனில்லை. இருவரும் மருந்து சாப்பிட வேண்டும், அதுதான் முக்கியம். பி.ஐ.டி. வந்தவர்கள் எல்லோருக்கும் பால்வினைக் கிருமி இருப்பதும் இல்லை. பிறப்புறுப்பில் சாதாரணமாக இருக்கும் கிருமிகளின் சமநிலை குலைந்தும் இது வரலாம்.

இரண்டாவது வழி, சுத்தமில்லாத பிரசவமும் கருக்கலைப்பும். 1971-ல் இயற்றப்பட்ட சட்டம் கருக்கலைப்பை அனுமதித்தது. 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். வயது வந்த பெண்ணுக்குக் கணவனின் கையெழுத்து தேவையில்லை. விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டியது டாக்டரின் கடமை. இவ்வளவு இருந்தும் பலர் போலி டாக்டர்களிடம் போகிறார்கள், அல்லது கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக் கரு முழுவதும் வெளியேறியதா என்று பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். உள்ளே தங்கியது அழுகினால் காய்ச்சலும் சீழும்தான் மிச்சம்.

மூன்றாவதாகப் பலரும் பழி போடுவது காப்பர்-டி மேல். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளைத் தொகுத்து 1992-ல் வெளியான கணக்கு, இந்தப் பயத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தது. காப்பர்-டி வைத்த முதல் 20 நாட்களில் தொற்று ஆபத்து பிந்திய காலத்தைவிட ஆறு மடங்குக்கு மேல். அதன் பிறகு மிகக் குறைவு. ஆக, ஆபத்து சாதனத்தைவிட வைக்கும் முறையில்தான் அதிகம். ஏற்கெனவே தொற்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே வைக்க வேண்டும். வைத்த மூன்று வாரத்தில் வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே காட்ட வேண்டும்.

நான்காவது வழியைத்தான் நம் நாட்டில் மறக்கவே கூடாது. அது காசநோய். உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் புகாத தாராவி போன்ற நெரிசலில் அது எளிதாகப் பரவுகிறது. நுரையீரலுக்குள் போன கிருமி ரத்தத்தின் வழியாகக் கருக்குழாய்க்குப் போய்ச் சேரலாம். இருமல் இருக்காது. காய்ச்சலும் இல்லாமல் போகலாம். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லையே என்று சோதிக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. இதற்கு இரண்டு வார மாத்திரை போதாது. குறைந்தது ஆறு மாத வைத்தியம். அரசு காசநோய்த் திட்டத்தில் மருந்து இலவசம்.

எப்படி வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்ததால் பி.ஐ.டி. வருவதில்லை. கொனோரியா, கிளமிடியா கிருமிகள் உடம்புக்கு வெளியே நெடுநேரம் பிழைக்காதவை. ஆனால் கழிப்பறை வரிசைக்கும் இருட்டுக்கும் பயந்து தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி வைக்கும் பெண்ணுக்கு நீர்த்தாரைத் தொற்று வரும். எரிச்சலும் அடிவயிற்று வலியும் அதிலும் உண்டு. இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. 'குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி எதுவும் வராது' என்ற நினைப்பும் தவறு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு சுமார் 58 பேர் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

14 நாள் மருந்து

அடிவயிற்றில் இருபுறமும் வலி, நாற்றமுள்ள அல்லது மஞ்சள், பச்சை நிறமான வெள்ளைப்படுதல், உடலுறவின்போது உள்ளே வலி, அதன் பிறகோ மாதவிலக்குக்கு நடுவிலோ ரத்தக்கசிவு, காய்ச்சல். இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கும்போது திடீரென்று ஒருபுறம் கடும் வலியோ மயக்கமோ வந்தால் குழாயில் கரு தங்கியிருக்கலாம். அப்போது நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். கர்ப்பிணிகளும், அதிகக் காய்ச்சலோ வாந்தியோ உள்ளவர்களும் ஆஸ்பத்திரியில் தங்கி ஊசி மூலம் மருந்து பெற வேண்டிவரும்.

பி.ஐ.டி.யை உறுதி செய்ய ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்று எதுவும் கிடையாது. ஸ்கேன் சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம். டாக்டர் கையுறை அணிந்து உள்ளே சோதித்து, கர்ப்பப்பை வாயை அசைக்கும்போது வலிக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியமான சோதனை. சில நிமிடம்தான். சங்கடமாக இருக்கும், ஆனால் அதைத் தவிர்த்தால் வைத்தியம் குருட்டாம்போக்காகிவிடும். பெண் டாக்டரைக் கேட்கலாம். உடன் ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று கேட்கவும் உரிமை உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இந்த உரிமைகள் எல்லாம் உண்டு.

சந்தேகம் வலுவாக இருந்தால் சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே உலகெங்கும் நடைமுறை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த முறையில் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு நிறத்தில் மருந்துப் பொட்டலம். அடிவயிற்று வலிக்கானது மஞ்சள். ஒரே வேளை விழுங்கும் ஒரு மாத்திரையும், 14 நாள் தினம் இரு வேளை சாப்பிட வேண்டிய இரண்டு வகை மாத்திரைகளும் அதில் உண்டு. டாக்டர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடக் கூடியவை அல்ல இவை. கர்ப்பிணிகளுக்கு ஆகாத மருந்தும் இதில் இருக்கிறது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நாலாம் நாள் வலி போய்விடும். 'உடம்பு சரியாகிவிட்டது' என்று மீதி மாத்திரை அலமாரிக்குப் போகும். 14 நாளும் முடித்தாக வேண்டும். மூன்று நாளில் வலி குறையவே இல்லை என்றால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். கடந்த இரண்டு மாதத்தில் உடலுறவு கொண்ட துணையும் மருந்து சாப்பிட வேண்டும். இருவரும் முடிக்கும் வரை உடலுறவு கூடாது. கணவன் மருந்து சாப்பிட மறுத்தால் மனைவிக்கு அதே கிருமி மறுபடி வரும். லுண்ட் கணக்கில் 8 என்பது 20 ஆவது இப்படித்தான்.

எடுத்துவிட்டால் தீருமா?

தீராத வெள்ளைப்படுதல், இடுப்பு வலி என்று போகும் பெண்ணிடம் 'கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் கேன்சர் ஆகிவிடும்' என்று பயமுறுத்தும் வியாபாரமும் நடக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானோர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்திருந்த செய்தி 2019-ல் நாட்டையே உலுக்கியது. தேவையற்ற கர்ப்பப்பை ஆபரேஷன்களைக் கண்காணிக்க வழிமுறைகளைப் பின்பற்றும்படி 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மருந்தால் ஆறும் தொற்றுக்குக் கர்ப்பப்பையை எடுப்பது மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்துவதைப் போன்றது. சீழ்க்கட்டி மருந்துக்கு அடங்காதது போன்ற சில நிலைகளில் ஆபரேஷன் தேவைப்படலாம். அப்படிச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருமுன் காக்க

ஆணுறை முதல் காவல். பிரசவமும் கருக்கலைப்பும் தகுதியுள்ள டாக்டரிடம்தான். காப்பர்-டி வைக்குமுன் பரிசோதனை. பிறப்புறுப்பின் உட்புறத்தைச் சோப்பாலோ கிருமிநாசினியாலோ கழுவ வேண்டாம். நல்ல கிருமிகள் செத்துக் கெட்டவை பெருக அதுவே வழி. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். மாதவிலக்குத் துணியானால் சோப்புப் போட்டு அலசி, மறைவில் அல்லாமல் வெயிலில் உலர்த்துங்கள். அறிகுறி இல்லாதபோதே கிளமிடியாவைத் தேடிப் பிடித்தால் பி.ஐ.டி. வெகுவாகக் குறையும் என்பதை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்து 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே ஒரு வருடத்தில் நோய் பாதிக்கும் கீழே குறைந்தது. அந்த வசதி நம் நாட்டில் எல்லோருக்கும் எட்டவில்லை. ஆகவே நமக்கு அறிகுறிதான் அலாரம்.

தாராவிக்காரர்களுக்கு 'சோட்டா சயான்' என்று ஊரே அழைக்கும் நகர்ப்புற சுகாதார மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சயான் லோகமான்ய திலகர் மாநகராட்சி ஆஸ்பத்திரியோடு இணைந்தது அது. மாட்டுங்காவிலிருந்து சயானும் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியும் பக்கம். செம்பூர்க்காரர்களுக்குக் கோவண்டி சதாப்தி ஆஸ்பத்திரி. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் 'சுரக்ஷா கிளினிக்' என்ற பெயரில் இதற்கென்றே பிரிவு உண்டா என்று விசாரிக்கலாம்.

போகும்போது சில சொற்களைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். இந்தியில் அடிவயிற்று வலி 'பேடூ மே தர்த்'. வெள்ளைப்படுதல் 'சஃபேத் பானி'. நாற்றம் 'பத்பூ'. காய்ச்சல் 'புகார்'. மாதவிலக்கு 'மாஹ்வாரி'. கர்ப்பப்பை 'பச்சேதானி'. மராத்தியில் அடிவயிறு வலிக்கிறது என்பதற்கு 'ஓட்டிபோட்டாத் துக்தய்'. மாதவிலக்கு 'பாளி'. காய்ச்சல் 'தாப்'. எத்தனை நாளாக வலி, கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி என்பதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மகனுக்குப் பதிலாக அக்காவையோ மதினியையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ துணைக்கு அழைத்துப் போங்கள். வலி ஆரம்பித்த முதல் நாளே போங்கள்.